பாண்காரனின் நாய்

குருநகர்,
12.01.1986

அன்பு மகன் கனிசியசுக்கு,

கடல் கிடக்கிற இடத்தில் கிடக்கிறது. நாங்களும் இருக்கிற இடத்தில் இருக்கிறோம். நத்தார்ப் பெருநாளுக்கு நீ எழுதிய கடிதம் பொங்கலுக்குக் கிட்ட வந்து சேர்ந்தது. பனி, சோறில்லாத சாப்பாடு, லத்தீன் என்று மூன்று முறைப்பாடு எழுதியிருக்கிறாய். அம்மாவுக்குப் பனியை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

"பிள்ளை ஐஸுக்குள்ளையோ நிக்குது?" என்று நெஞ்சில் கைவைத்தாள்.

"நான் இவ்வளவு காலமா ஐஸ் பக்டரிக்குள்ளைதானே நிக்கிறன். தேப்பன் தாங்கினதைப் பிள்ளை தாங்கும்" என்றேன். அதற்கு அவள் சொன்ன மறுமொழி, நீ சுவாமியாகப் படிக்கிற குருமடத்துக்கு எழுதக்கூடியது அல்ல.

இனி லத்தீனுக்கு வருகிறேன். பரீட்சையில் சித்தியடையாதவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எழுதி, அந்த வசனத்துக்குக் கீழே கோடு போட்டிருக்கிறாய். பயந்து போட்ட கோடா, ஆசைப்பட்டுப் போட்ட கோடா என்று எனக்குப் பிடிபடவில்லை.

குழந்தைப்பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி, ரொட்டி சுடுகிற ஒரு பாண்காரனும் நாயும் வருகிற சின்னக் கதைப் புத்தகத்தைத் தந்து வாசிக்கச் சொல்கிறார்கள், வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அதை நம் கோயில் கிறிஸ்துநாயகம் சுவாமியிடம் சொன்னேன். மனிதன் சிரித்துக்கொண்டே தான் தங்குகிற அறைவீட்டு அலுமாரியைத் திறந்து, முந்தி இருந்த வெள்ளைக்காரச் சுவாமிமார் விட்டுப்போன புத்தகக் கட்டைக் கிளறி, அதே பாண்காரனை அதே நாயோடு இழுத்தெடுத்தார். இப்போது அது என் கையில் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் பூசை லத்தீனில் நடந்த காலத்தில், பீடத்துக்குக் கீழே முழந்தாளில் நின்று முழுப் பூசைக்கும் மறுமொழி சொன்னவன். ஒரு சொல் விளங்காது. கிளிக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம், கிளி காற்சட்டை போடாது.

ஆகவே ஒரு பந்தயம். நீ அங்கே ஒரு அத்தியாயம், நான் இங்கே ஒரு அத்தியாயம். ஐஸ் வெட்டுகிறவனிடம் தோற்றுப்போனாய் என்று ஊர் கதைக்க விடாதே. தேவ அழைத்தல் கிடைத்த பிள்ளைக்கு ஒரு நாய் என்ன பெரிய காரியமா?

உன் அண்ணை கடலால் வந்து படுத்துவிட்டான். அடுத்தமுறை எழுதுவான்.

அன்புடன் அப்பா,
நீக்கிலாப்பிள்ளை


குருமடம், இத்தாலி
10.02.1986

அன்புள்ள அப்பா,

கோடு ஆசைப்பட்டுப் போட்டதுதான்.

தேவ அழைத்தல் என்று இனி எழுதாதீர்கள். என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டில் சொல்லாமல் இயக்கத்துக்குப் போகத் தொடங்கிய மாதத்தில்தான் எனக்குத் தேவ அழைத்தல் இருப்பது உங்களுக்குத் தெரியவந்தது. கடவுள் கூப்பிட்டதை நான் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள். பெட்டியையும் நீங்களே கட்டினீர்கள். என்னை ஒளித்துவைக்க ஓர் இடம் தேடினீர்கள், அது கோயிலாக அமைந்துவிட்டது.

அண்ணையை ஏன் ஒளிக்கவில்லை? அவன் படிப்பில் மட்டம், எந்தக் குருமடமும் எடுக்காது என்பதாலா? அவன் நாள்தோறும் நேவி சுற்றித் திரிகிற அந்தக் கடலுக்குப் போகிறான். நான் இங்கே வெந்நீரில் முகம் கழுவிவிட்டு, நாய் எங்கே, நாய் எங்கே என்று வாசித்துக்கொண்டிருக்கிறேன். இதை நினைக்கும்போது எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. சோறில்லாததால் அல்ல.

ஆனியில், இங்கே ஜூன் தொடக்கத்தில், பரீட்சை. வெறும் தாளைக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். முன்கூட்டியே சொல்வது, நீங்கள் பிறகு சுவாமியின் முன்னால் தலைகுனியக் கூடாது என்பதற்காக.

அம்மாவிடம் பனி நின்றுவிட்டது என்று சொல்லுங்கள். நிற்கவில்லை.

கனிசியஸ்


குருநகர்,
16.03.1986

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தைக் கோபத்தோடு வாசித்தேன். மறுபடி வாசித்தபோது கோபப்பட ஒரு வசனமும் அகப்படவில்லை. எல்லாம் உண்மை. உண்மைக்குக் கோபிக்கிற அளவுக்கு நான் படிக்கவில்லை. ஆனாலும் தகப்பன் தகப்பன்தான்: பரீட்சை எழுது.

நீ வாசிக்கிறாயோ இல்லையோ, நான் நாலாம் அத்தியாயம். ஓய்வுநாள் பின்னேரங்களில் சுவாமி சொல்லித் தருகிறார், மற்ற நாட்களில் ஐஸ் கட்டிகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். அவை உருகுகின்றன. வேறு யாரும் இப்படி மனம் உருகிக் கேட்டதில்லை.

கதையைச் சொல்கிறேன், நீ வாசிக்காமல் விட்டிருந்தால் இதையாவது தெரிந்துகொள். துறைமுகப் பட்டினத்தில் ரூபுஸ் என்று ஒரு பாண்காரன். அவனுக்குப் புகை நிறத்தில் பூமுஸ் என்று ஒரு நாய். ரூபுஸ் "மானே!" என்கிறான். எங்கள் ஊரில் சினிமாவில் காதலியை அப்படிக் கூப்பிடுவார்கள். லத்தீனில் அதற்குப் பொருள் "நில், போகாதே" என்பதாம். நாய் கேட்கவில்லை. துறைமுகப் பக்கம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அத்தியாயத்திலும் பாண்காரன் யாராவது ஒருவனைப் பிடித்துக் கேட்கிறான்: "ஊபி எஸ்த் பூமுஸ்?" பூமுஸ் எங்கே? அவன் சொல்கிறான்: "பூமுஸ் நோன் எஸ்த் ஹிக்." பூமுஸ் இங்கே இல்லை. செருப்புத் தைக்கிறவனும் இதையே சொல்கிறான், சேவகனும் இதையே சொல்கிறான். ஒரு நாயைப் பிடிக்க முடியாத இந்தச் சனம் எப்படி உலகத்தைப் பிடித்தது என்று சுவாமியைக் கேட்டேன். அது பெரிய புத்தகங்களில் வருமாம்.

எனக்குப் பாடமான சொற்கள்: மாரே என்றால் கடல். நாவிஸ் என்றால் கப்பல், ஆனால் குருநகரில் மிதக்கிறதெல்லாம் வள்ளம்தான். ரேதித், திரும்பி வருகிறது. எக்ஸ்பெக்தாத், காத்திருக்கிறான், காத்திருக்கிறாள், இரண்டுக்கும் ஒன்றுதான். பாத்தெர், மாத்தெர், பிராத்தெர்: தகப்பன், தாய், சகோதரன். இதெல்லாம் கோயிலில் வருடக்கணக்காக என் வாயால் வந்த சொற்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்கு முன்னால் நின்று பாட்டுப் பாடியவன் மாதிரி இருக்கிறது.

கடைசி அத்தியாயத்தைக் கறையான் தின்றுவிட்டது. நாய் கிடைத்ததா இல்லையா என்பது இந்த ஊரில் கறையானுக்கு மட்டும் தெரியும். உன் புத்தகத்தில் இருக்கும். இப்போது சொல்லாதே. நான் அந்த இடத்துக்கு வந்ததும் கேட்பேன், எழுதி அனுப்பு.

அண்ணை பேனையைப் பறிக்கிறான்.

அப்பா

தம்பி, நான் அண்ணை. அப்பாவுக்கு விசர் முத்திப்போச்சு. எங்கடை வீட்டு நாயைப் பார்த்து "மானே" எண்டு கத்துறார், அது பயந்து மதிலாலை பாய்ஞ்சு சிசிலியாக்கா வீட்டை போட்டுது. அவ வந்து சண்டை. நீ பேசாமல் சோதினையைப் பாஸ் பண்ணு. நீ சுவாமியா வந்தால் என்ரை வள்ளத்துக்கு ஓசியிலை தீர்த்தம் தெளிக்கலாம். என்ரை எழுத்து விளங்காட்டி என்னை ஏசாதை, என்ரை இடக்கையை ஏசு. அடைக்கலநாதன்


குருமடம், இத்தாலி
08.06.1986

அன்புள்ள அப்பா,

இடையில் எழுதாமல் விட்டதற்கு மன்னியுங்கள். அண்ணை எழுதியதைச் சாப்பாட்டு மேசையில் வாசித்துச் சிரித்துவிட்டேன். இங்கே மதியச் சாப்பாட்டில் பேசக்கூடாது. அதிபர் சுவாமி காரணம் கேட்டார். எனக்குத் தெரிந்த லத்தீனில் சொன்னேன்: என் அப்பா நாயோடு கதைக்கிறார், நாய் நிற்கவில்லை, நாய் அயல்வீட்டுக்குப் போகிறது. அவரும் சிரித்துவிட்டார். இந்த மொழியில் நான் ஒருவரைச் சிரிக்கவைத்தது அதுதான் முதல் தடவை.

பாண்காரனை முடித்துவிட்டேன். வாசிக்கக் கூடாது என்று இருந்தேன், ஆனால் நீங்கள் நாலாம் அத்தியாயத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிந்தபிறகு ஆறாம் அத்தியாயம் வாசிக்காமல் இருக்க முடியவில்லை. நாய் என்ன ஆனது என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் அப்பா, போன கிழமை பரீட்சையில் வெறும் தாளைத்தான் கொடுத்தேன். மறுமொழிகள் தெரிந்திருந்தன. பேனை மூடியைக் கழற்றவில்லை. அதிபர் சுவாமி, புரட்டாதியில், செப்ரெம்பர் இருபத்தொன்பதில், இன்னொரு தடவை இருக்கிறது, அதிலும் இப்படியென்றால் ஊருக்குப் போக விமான ரிக்கற் எடுத்துத் தருகிறேன் என்றார்.

ஐப்பசியில் வீட்டில் நிற்பேன். அண்ணையிடம் சொல்லுங்கள், வள்ளத்தில் எனக்கு ஓர் இடம் வைக்கட்டும். தீர்த்தம் தெளிக்க அல்ல, வலை இழுக்க.

கனிசியஸ்


குருநகர்,
03.07.1986

அன்பு மகனுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆறாம் அத்தியாயம் முடித்துவிட்டேன். ரூபுஸ் துறைமுகத்துக்குப் போகிறான். அங்கே ஒரு மீன்காரன் நிற்கிறான். அந்த மீன்காரனை எழுதினவருக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. மத்தியானத்தில் வந்து மீன் விற்கிறான், ஐஸும் இல்லை, உப்பும் இல்லை. நாறிப்போகாதா? அதைச் சுவாமியிடம் சொன்னேன். நாய் அங்கேயும் இல்லை. ரூபுஸ் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒரு பக்கம் முழுக்க நிற்கிறான். பாண் போடுகிறவனுக்கு அடுப்பை விட்டுவிட்டு இப்படி நிற்க நேரம் எங்கே என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சின்னப் பக்கம்தான்.

அண்ணைக்கு வலக்கையில் திருக்கை முள் ஏறி வீங்கிப்போயிருக்கிறது, அதனால் இந்தமுறை எழுதவில்லை. அம்மா சுகம்.

வள்ளத்தில் இடம் இல்லை. அந்தக் கதையை விடு. புரட்டாதிப் பரீட்சையை எழுது. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. இதுவரை உனக்கு எழுதினதில் பாதி பகிடிதான், எனக்குத் தெரியும், அதனால் நீ இதையும் அப்படி எடுத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. எழுது, சித்தியடை, அங்கேயே இரு.

இப்போது நான் கறையான் தின்ற இடத்துக்கு வந்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தை அனுப்பு.

அப்பா


குருமடம், இத்தாலி
27.07.1986

அன்புள்ள அப்பா,

அண்ணை இடக்கையன்.

அவன் எழுத்துக் கோணலுக்கு அந்தக் கையைத்தான் ஏசச் சொல்லி எழுதியிருந்தான். வலக்கை வீங்கினால் அவன் எழுதுவதற்கு என்ன தடை?

இங்கே வாசிகசாலையில் ஒரு பத்திரிகை. உள்ளே ஒரு மூலையில் நாலு வரி. இலங்கையின் வடகடலில் மீனவர் சிலர் திரும்பவில்லை என்று. ஊரின் பெயரும் இல்லை, ஆட்களின் பெயரும் இல்லை. திகதியைப் பார்த்தேன். உங்கள் கடிதத்துக்கு ஒரு கிழமைக்கு முந்தியது.

நீங்கள் எந்தக் கடிதத்திலும் உங்கள் ஐஸ் வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டதில்லை. இந்தக் கடிதத்தில் இல்லை. ஐஸ் ஏற்றிக்கொண்டு வள்ளங்கள் போகவில்லையா? அம்மா சுகம் என்று இரண்டு சொல். அம்மா சொன்னதாக ஒரு வசனம் இல்லை.

ஒரு பேரம். அண்ணை எங்கே என்று நீங்கள் எழுதுங்கள். நாய் எங்கே என்று நான் எழுதுகிறேன்.

கனிசியஸ்


குருநகர்,
17.08.1986

மகன்,

தகப்பனோடு பேரம் பேசவா உன்னைப் படிக்க அனுப்பினேன்? சந்தையில் நின்று மீன் விலை பேசுகிற மாதிரி. நாய் எங்கே என்று எனக்குத் தெரியத் தேவையில்லை. நான் கிழவன், நாய் கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

வலக்கையா இடக்கையா என்று எழுதும்போது கவனிக்கவில்லை. ஐஸ் பக்டரியில் மின்சாரம் இல்லை, அதனால் ஐஸைப் பற்றி எழுதவில்லை. பத்திரிகைக்காரன் ஆயிரம் எழுதுவான். அம்மா சொல்கிறாள், இங்கே எல்லாம் வழக்கம்போல இருக்கிறதாம், நீ யோசிக்காமல் படிக்கட்டாம், அண்ணை வந்ததும் எழுதுவானாம். நான் எழுதுகிறதை இப்போதெல்லாம் அவள் பக்கத்தில் இருந்து வாசித்துவிட்டுத்தான் ஒட்ட விடுகிறாள். தமிழில் நான் விடும் எழுத்துப்பிழைகளை அவள் விரல் வைத்துக் காட்டுகிறாள். எல்லாப் பிழையையும் அல்ல.

பரீட்சையை எழுது.

அப்பா


குருமடம், இத்தாலி
30.08.1986

அப்பா,

"அண்ணை வந்ததும் எழுதுவான்." எங்கேயிருந்து வந்ததும்?

இருபத்தொன்பதாம் திகதிக்கு முன்னர் உண்மை என் கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நான் அந்த மண்டபத்துக்குள் போகமாட்டேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினையுங்கள். என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

கனிசியஸ்


குருநகர்,
11.09.1986

அன்பு மகன் கனிசியசுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் திரிந்தேன். சொல்லாவிட்டால் நீ பரீட்சைக்குப் போகமாட்டாய், வீட்டுக்கு வருவாய். சொன்னால் பரீட்சையை விட்டுவிட்டு வீட்டுக்கு வருவாய். எந்தப் பக்கத்தால் வலையை இழுத்தாலும் நீ இந்தக் கரையில்தான் வந்து விழுகிறாய். எனக்கு அதுதான் பயம். வேறு பயம் ஒன்றும் மிச்சமில்லை.

அம்மா பக்கத்தில் இருக்கிறாள். நாய்ப் புத்தகத்திலிருந்து பாடம் எழுதி அனுப்பப்போகிறேன், மகன் திருத்துவான் என்று சொன்னேன். எழுதுங்கோ என்றாள். எழுதுகிறேன்.

பிராத்தெர் அத் மாரே இத்.
நாவிஸ் நோன் ரேதித்.
மாத்தெர் எக்ஸ்பெக்தாத்.
பாத்தெர் நோன் எக்ஸ்பெக்தாத்.
ஊபி எஸ்த் பிராத்தெர்?
பிராத்தெர் நோன் எஸ்த் ஹிக்.

பாடம் இவ்வளவுதான். எனக்குத் தெரிந்த சொற்களும் இவ்வளவுதான். கூடத் தெரியாமல் இருந்தது நல்லது என்று இன்றைக்கு நினைத்தேன்.

இனி ரூபுஸ் முதலாம் அத்தியாயத்தில் நாய்க்குச் சொன்ன அந்த ஒரு சொல்லை உனக்குச் சொல்கிறேன். நம் வீட்டு நாயும் கேட்கவில்லை, அவன் நாயும் கேட்கவில்லை. நீ கேள்.

மானே.

அப்பா


குருமடம், இத்தாலி
30.09.1986

அன்புள்ள அப்பா,

உங்கள் பாடம் பரீட்சைக்கு முதல்நாள் வந்தது. அம்மா வாசிப்பா என்றுதான் லத்தீனில் எழுதினீர்கள் என்று விளங்கிக்கொண்டேன். திருத்துவதற்கு அதில் பிழை ஒன்றும் இல்லை.

தமிழில் எழுதிப் பார்த்தேன். அண்ணன் கடலுக்குப் போகிறான். வள்ளம் திரும்பி வரவில்லை. தாய் காத்திருக்கிறாள். தகப்பன் காத்திருக்கவில்லை. அந்த நாலாம் வசனத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நீங்கள் எதையோ கண்டிருக்கிறீர்கள்.

அந்தத் தமிழ்த் தாளைக் கிழித்துவிட்டு ரிக்கற் கேட்க அதிபர் சுவாமியின் அறைவரை போனேன். கதவைத் தட்டினேன். திறந்தார். என்ன வேண்டும் என்றார். நின்றேன். நீங்கள் சொன்னது அதைத்தானே: நில். நான் வேறு ஒன்றும் செய்யவில்லை அப்பா, நின்றேன், அவ்வளவுதான். நின்ற இடத்தில் அழுதேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டார்.

மறுநாள் மண்டபத்துக்குள் போனேன். பேனை மூடியைக் கழற்றினேன். சித்தி என்று இன்று சொன்னார்கள். சந்தோசப்படுவீர்கள். நான் சுவாமியாவேனா என்று தெரியாது. இந்த வருடத்தில் வீட்டுக்கு வரமாட்டேன் என்று மட்டும் தெரியும். அண்ணை கடலில் கிடக்க என்னை இங்கே நிற்கவைத்ததற்கு உங்களை மன்னிப்பேனா என்பதும் தெரியாது. இப்போது கேட்காதீர்கள்.

நீங்கள் உங்கள் பக்கத்தைச் சொல்லிவிட்டீர்கள். நான் என் பக்கத்தைச் சொல்லவேண்டும். கடைசி அத்தியாயம் ஒரு பக்கம்தான். இரவு மழை பெய்கிறது. ரூபுஸ் கதவைப் பூட்டாமல் படுக்கிறான். விடிய எழும்பிப் பார்த்தால், அடுப்புக்கு முன்னால் நனைந்த நாய் ஒன்று படுத்திருக்கிறது. பூமுஸ் ரேதித். பூமுஸ் திரும்பி வருகிறது. ரூபுஸ் அதற்குப் பாண் கொடுக்கிறான். முற்றும்.

என்ன செய்வது அப்பா? இது தொடக்கக்காரருக்காக எழுதிய புத்தகம். இதில் எல்லோரும் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

கனிசியஸ்


குருநகர்,
05.11.1986

அன்பு மகன் கனிசியசுக்கு,

கடைசி அத்தியாயத்தை ஐஸ் பக்டரியில் வைத்து வாசித்தேன். நனைந்த நாய் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, பிறகு முடித்தேன். மன்னிப்பைப் பற்றிக் கேட்கமாட்டேன். நீ சித்தியடைந்ததைச் சுவாமியிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் விடவில்லை.

நீ எழுதியது சரி. நான் கண்டேன். கரையில் ஒதுங்கின பலகையில் அண்ணை தன் கோணல் எழுத்தில் பூசின வள்ளத்தின் பெயர் பாதி இருந்தது. சுவாமிக்கு மட்டும் காட்டினேன். அம்மாவிடம் சொல்லப் போனால், எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார்கள், விடுவார்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். கோயிலில் துக்க மணி அடிக்க விடவில்லை. அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க விடவில்லை. தட்டில் அவனுக்கும் சோறு போட்டு மூடிவைப்பாள். அதனால்தான் உனக்கு ஒன்றும் எழுத முடியவில்லை. அந்த வசனம் இந்த வீட்டுக்குள் தமிழில் சொல்லப்படவில்லை.

இனி நடந்ததைக் கேள். செத்தவர்களை நினைக்கிற சகல ஆத்துமாக்களின் திருநாளுக்கு முதல்நாள், நான் சேமக்காலைக் கல்லறைகளுக்கு எடுத்துப்போகத் தாளில் மெழுகுதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து முன்னால் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களை ஒண்டு கேக்கவேணும்."

"கேளும்."

"அண்டைக்குத் தம்பிக்குப் பாடம் எழுதி விட்டியளே. அதிலை மாத்தெர் எண்டு எழுதினியள்."

நான் அடுத்த மெழுகுதிரியை எடுத்துச் சுற்றினேன்.

"எனக்கு லத்தீன் தெரியாதெண்டோ நினைச்சியள்? குமரியா இருக்கேக்கை ஒவ்வொரு பின்னேரமும் மாதா பிரார்த்தனைக்கு எத்தினை தரம் மாத்தெர் சொன்ன வாய் இது. மாத்தெர் எண்டால் ஆரெண்டு எனக்குத் தெரியாதோ? சொல்லுங்கோ, உங்கடை பாடத்திலை அந்த மாத்தெர் என்ன செய்யிறா?"

பாடத்தை எழுதும்போது நான் என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். இந்த ஊரில் லத்தீனைப் பாடிப் பாடம் பண்ணினவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்பது என் எட்டாம் வகுப்பு மண்டைக்குத் தோன்றவில்லை.

"காத்துக்கொண்டிருக்கிறா" என்றேன்.

"பாத்தெர்?"

"காத்திருக்கேல்லை."

அவள் மெழுகுதிரியை என் கையிலிருந்து வாங்கினாள். திரியை நிமிர்த்தினாள். பிறகு சொன்னாள்: "காணும், போதும். அவவும் இனிக் காத்திருக்க வேண்டாம். மணி அடிக்கச் சொல்லுங்கோ."

அடித்தார்கள். கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். எல்லோருக்கும் முன்னமே தெரியும், யாருக்காக என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் பூசையில் என் வயதுக்காரர் சிலர் சேர்ந்து பழைய லத்தீன் பாட்டைப் பாடினோம். சின்ன வயதில் அதை எத்தனையோ செத்தவீட்டில் பாடியிருக்கிறேன், பாடி முடிய என்ன சாப்பாடு தருவார்கள் என்ற யோசனையோடு. இந்தமுறை ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இரண்டாம் வரியில் குரல் நின்றுவிட்டது. விளங்காமல் பாடின காலம் நல்ல காலம், மகன். மற்றவர்கள் விளங்காமலே பாடி என்னையும் கரைசேர்த்தார்கள்.

இன்னும் ஒன்று. நேற்று வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். யார், என்ன உடுப்பு என்று எழுதமாட்டேன், இந்த நாட்களில் எல்லோரும் வருகிறார்கள், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நான் எழும்பமுன் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள்.

"மூத்தவரின்ரை விசயம் கேள்விப்பட்டம், அம்மா. இளையவர் எங்கை?"

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். கலியாண வீட்டில் மாப்பிள்ளைப் பகுதிக்கு மறுமொழி சொல்கிறவள் மாதிரி, அயலுக்கெல்லாம் கேட்கச் சொன்னாள்:

"அவன் இஞ்சை இல்லை!"

பாண்காரன் புத்தகத்தில் அந்த வசனம் எத்தனை தரம் வந்தது. ஒருவனாவது அதை இப்படிச் சந்தோசமாகச் சொல்லவில்லை. அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அம்மா கதவைச் சாத்தினாள். அடுப்படிக்குப் போனாள். மூடிவைத்திருந்த தட்டை எடுத்து, சோற்றை வழித்து நாய்க்குப் போட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதே வசனத்தை இன்னொரு தரம், இந்தமுறை ஒருவருக்கும் கேளாமல், சொன்னாள்.

நீ அங்கேயே நில்.

உன் அப்பா